உடைந்த உறையும் ஒளிந்துகொள்ளும் மீனும்

ஜூன் 7, 2025
சிமெண்டுக் கிணற்று உறை வார்த்து அச்சைக் கழற்றும்போதே இன்றைக்கும் ஒன்று விண்டுபோனது. வேலியோரம் உடைசல் மட்டும் பதினெட்டு சேர்ந்துவிட்டது. சாயங்காலம் தூத்துக்குடி நண்பன் கூப்பிட்டான். "ஏல, நீ வார்க்க கிணத்து உறையத்தான் இங்க கடல்ல எறக்குதாங்க." கிண்டல் என்றுதான் நினைத்தேன். படம் அனுப்பினான், நிசம்தான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் செயற்கை மீன் உறைவிடங்களில் மூன்று வகையாம்: முக்கோணம், களவா மீனுக்கென்று ஒன்று, அப்புறம் நம்ம கிணற்று உறை. வெள்ளகோவிலில் நாங்கள் தண்ணீருக்காகப் பூமிக்குள் இறக்குவதை அங்கே தண்ணீருக்குள்ளேயே இறக்குகிறார்கள்.

ஜூன் 9
மறுபடி அவனோடு ஒரு மணி நேரம். வெறும் மணலும் சேறுமாக இருக்கும் கடலடியில் எதுவும் ஒட்டிப் பிடிக்க இடமில்லை. சிமெண்டு போய் உட்கார்ந்தால் முதலில் பாசி, பிறகு பாறையில் ஒட்டி வளரும் கொட்டலசு, சிப்பி. அதை மேயச் சிறுமீன் வரும், சிறுமீனைத் தேடிக் களவா வரும். இயற்கையிலேயே இந்த வேலையைச் செய்யும் கடலடிப் பாறைத்திட்டை 'பார்' என்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கியே போய்விட்டன. சுண்ணாம்புக்காக அந்தத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டியெடுத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது மீதித் தீவுகளில் ஒன்றான வான் தீவைக் காப்பாற்ற ஓட்டை போட்ட சிமெண்டுக் கட்டைகளை இறக்கியிருக்கிறார்கள். சுண்ணாம்பாக எடுத்ததைச் சிமெண்டாகத் திருப்பிக் கொடுக்கிற கணக்கு.

ஜூன் 15
எங்கள் பண்ணைக்குட்டையில் நாலு நீர்க்காகம். முங்கி எழும்போதெல்லாம் வாயில் ஒரு மீன்குஞ்சு. பாவம், ஒளிய ஒரு கல்கூட இல்லாத மொட்டைக் குட்டை. "பழைய லாரி டயர் கெடக்குதுல்ல, அதப் போட்டுடலாம்" என்றார் அண்ணன். போனில் சொன்னதும் நண்பன் கத்தினான். 1970களில் புளோரிடா கரைக்கு எதிரே சுமார் இருபது லட்சம் டயரைக் கடலில் போட்டார்களாம். கட்டு அறுந்து, அலைக்கு உருண்டு, பக்கத்திலிருந்த நிசப் பவளத்தையே நொறுக்கியிருக்கின்றன. சரி, டயர் வேண்டாம்.

ஜூன் 16
உடைந்த உறைகளில் ஏழு எடுத்து டிராக்டரில் கொண்டுபோய், கடப்பாரையால் நெம்பிக் குட்டைக்குள் தள்ளினோம். எல்லாம் போன வருஷத்துச் சரக்கு. பச்சைச் சிமெண்டு சுண்ணாம்பு கக்கும், சின்னக் குட்டை தாங்காது. அம்மாயி கரையில் நின்று, "ஏங்கண்ணு, மீனுக்கு வூடு கட்டறீங்களா?" என்றது. சிரித்துக்கொண்டே கையை நசுக்கிக்கொண்டேன்.

அக்டோபர் 12
மாமன் வீட்டார் வந்திருந்தார்கள். ஜிலேபி மீன் பிடிக்கலாமென்று குட்டையில் வலை வீசினோம். உறையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் மாட்டி, ஒரு முழத்துக்குக் கிழிந்தது. இரவல் வலை வேறு. போனில் புலம்பினால் தூத்துக்குடி நண்பன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "கடல்ல உறைய எறக்குததுக்கு அதுவும் ஒரு காரணம்ல! இழுவை மடி வலை போடுதவன் அந்தப் பக்கம் வரமாட்டான். தூண்டில்காரனுக்குப் பொழப்பு." எனக்கு இது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும்.

அக்டோபர் 13
சந்தையில் தூண்டில் முள் நாலு வாங்கினேன். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் உறை விளிம்பெல்லாம் பச்சையாகப் பாசி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, பக்கத் துடுப்பால் தண்ணீரைத் தள்ளிப் பின்பக்கமாகவே உள்ளே போய்விட்டது.