லாரி வராத நாலு நாளும் மூன்றாம் பாகமும்

தை பிறந்தால் எனக்கு நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை. உத்தரவில் பருவகாலப் பட்டியல் எழுத்தர் என்று இருக்கும், களத்தில் எல்லோருக்கும் பில் கிளார்க். மன்னார்குடியைச் சுற்றி ஊர் ஊராக ஒன்பது சம்பா பார்த்தாகிவிட்டது. இந்த வேலையில் மூச்சுவிட நேரம் இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. எடை ஓடினால் சாப்பிடக்கூட எழுந்திருக்க முடியாது, ஆனால் 40 கிலோ சிப்பங்கள் தைத்து அடுக்கியபடி நிற்க லாரி வரவில்லை என்றால், அடுத்த சிப்பம் போட இடமில்லாமல் எல்லாம் அப்படியே நின்றுவிடும். சாக்கு தீர்ந்தாலும் இதே கதைதான். ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் நாலு நாள்.

என் வாசிப்பெல்லாம் அந்த நாட்களில்தான். வேலையில்லாத ஆடி ஆவணியில் வீட்டில் நாள் முழுக்கச் சும்மா இருப்பேன், ஒரு புத்தகம் முடியாது, ஃபோன் முடித்துவிடும். களத்தில் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்பதும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அங்கே படிப்பதில் ஒரு சங்கடம் இருந்தது. நெல்லைக் கொட்டிவிட்டு, சிட்டா அடங்கலை மடியில் வைத்துக்கொண்டு, ஈரப்பதம் கொள்முதல் வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டிவிடுமோ என்று வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மனிதர் எதிரில் நாற்காலியில் சாய்ந்து நாவல் படித்தால் பார்க்கிறவருக்கு எப்படி இருக்கும்? ஒரு அம்மா கேட்டேவிட்டார். "எங்க நெல்லு முளைக்குது, இவருக்குக் கதை கேக்குது." லாரியை நானா நிறுத்தி வைத்தேன் என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அன்றிலிருந்து பதிவேட்டுக்குள் வைத்துப் படித்தேன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

அந்தத் திருட்டுத்தனம் ஒரு மழை இரவில் முடிந்தது. தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு நெல் குவியல் பக்கத்திலேயே படுத்திருந்த ஒரு பெரியவர் தூக்கம் வராமல் எழுந்து வந்து, "தம்பி, மறைச்சு மறைச்சு அதுல என்னதான் படிக்கிற?" என்றார். கொடுத்தேன். களத்து விளக்கடியில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்தவர் விடிய விடியப் படித்தார். காத்திருப்பு எனக்கு மட்டுமில்லை, அவர்களுக்குத்தான் அதிகம் என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் வீட்டிலிருந்து ஆறு புத்தகம் எடுத்துவந்து ஈரப்பத மீட்டருக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன்.

நமக்கு உயிரான புத்தகம் அடுத்தவருக்கும் பிடிக்கும் என்று நம்பித்தான் ஆரம்பித்தேன். தி. ஜானகிராமனை நீட்டினால், இவர் நம்ம தேவங்குடியில் பிறந்தவராமே என்று ஆர்வமாக வாங்குவார்கள், பத்துப் பக்கத்தில் மூடி வைப்பவர்களும் உண்டு. எனக்கு முகம் வாடிவிடும், என்னவோ நானே எழுதினமாதிரி. இன்னொரு நாவலை, பெயர் வேண்டாம், ஒருவர் வீட்டுக்கே எடுத்துப்போனார். புத்தகம் போயிற்று என்று விட்டுவிட்டேன். அடுத்த தையில் நெல்லோடு வந்து மேசையில் வைத்தார். எப்படி இருந்தது என்றேன். "எழுதின ஆளு வயல்ல எறங்கினதே இல்ல தம்பி. சம்பா நாத்தை மாசியில நடுறான்." அந்த நாவலை நான் மூன்று தடவை படித்தவன், கண்ணில் படவில்லை. திரும்பி வந்த புத்தகத்தைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் உமி, அடையாளத்துக்குச் சாக்குத் தைக்கிற சணல். அந்தச் சுணை கையில் பட்டு இரண்டு நாள் அரித்தது.

இதில் புதிதாக நான் எதையும் செய்துவிடவில்லை. 1931-லேயே பக்கத்து மேலவாசலில் மாட்டு வண்டியில் நூலகம் வைத்துக் கிராமம் கிராமமாகப் போயிருக்கிறார்கள். அதே ஆண்டு வெளிவந்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதனின் நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. எங்கள் களத்துக்கு மட்டும் அது பொருந்தாது, இங்கே நேரத்தை எப்படித் தள்ளுவது என்பதுதான் பாடு.

இந்தப் பருவத்தில் என்னை வேலை வாங்கியவர் ஒரு லோடுமேன். எட்டாவதோடு நின்றவர், உதடு அசைய அசையப் படிப்பார், ஒரு பக்கத்துக்கு ஒரு டீ ஆறிவிடும். பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை, பாதியில் வைத்துவிடுவார் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். ஆடிப்பெருக்கும் ஏரியும் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டதால் ஆள் விழுந்துவிட்டார். இரண்டாவதும் முடிந்தது. மொத்தம் ஐந்து பாகம், ஊர் நூலகத்தில் மூன்றாவது மட்டும் இல்லை, யாரோ எடுத்தது எடுத்ததுதான். "சார், புயல்ல மாட்டினவங்க கோடிக்கரை வந்து சேந்தாங்களா இல்லையா? பஸ்ஸு புடிச்சா நானே போய்ப் பாத்துருவேன்" என்று தினமும் கேட்பார். கதையைச் சொல்லிவிடவா என்றால் காதைப் பொத்திக்கொள்வார். அந்தக் காலத்தில் இதைத் தொடராகப் படித்தவர்கள் வாரா வாரம் இப்படித்தான் காத்திருந்தார்கள் என்றேன். "அவங்களுக்கு வாரம் தெரியும்ல, நமக்கு லாரியும் தெரியல, புத்தகமும் தெரியல" என்றார்.

லாரி வராத நாலாவது நாள் சாயங்காலம் மன்னார்குடி போய் ஒரு நண்பரிடம் மூன்றாம் பாகத்தை வாங்கி வந்தேன், அட்டை பிய்ந்தது, பரவாயில்லை. லாரி இல்லையென்றால் அவருக்குக் கூலியும் இல்லை, மூட்டைக் கணக்குதான். நாலு நாளாகக் களத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். மறுநாள் காலை புத்தகத்தைக் கையில் கொடுத்தேன், அட்டையைத் துண்டால் துடைத்தார், முதல் பக்கத்தைப் பிரித்தார். அப்போது பார்த்து மூன்று லாரி ஒன்றன்பின் ஒன்றாகக் களத்துக்குள் திரும்பின. புத்தகத்தை என் மேசை டிராயரில் வைத்துவிட்டு, தலைத்துண்டைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "இன்னைக்குத்தானா வரணும்?"