மறுவிற்பனையில் ஓவியருக்கு என்ன பங்கு?
புதுத் தொழில்நுட்பம் வந்தால் ஓவியம் செத்துவிடும் என்கிறார்கள், ஆனால் 1839-இல் டாகுரோடைப் புகைப்பட முறை வெளியானதால் ஓவியம் ஒன்றும் சாகவில்லை. அடி வாங்கியவர்கள் கையளவு உருவப்படம் வரைந்து பிழைத்தவர்கள்தான், அவர்களில் சிலர் அப்புறம் புகைப்படங்களுக்கு வண்ணம் தீட்டப் போனார்கள். சரி, வரைவது ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு எரிச்சல் விற்பனையில்தான். 2021-இல் பீப்பிள் என்ற கலைஞரின் டிஜிட்டல் படம் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6.9 கோடி டாலருக்குப் போனதும் ஆளாளுக்கு என்எஃப்டி, அதாவது டிஜிட்டல் படம் யாருடையது என்று இணையத்தில் பதியும் சான்று, அதன் பின்னால் ஓடினார்கள். ஒவ்வொரு மறுவிற்பனையிலும் கலைஞருக்குப் பங்கு வரும் என்பதுதான் அதில் பெரிய ஆசை. ஆனால் அதை வசூலித்துக் கொடுப்பது பெரும்பாலும் சந்தைத் தளங்களின் கையில் இருந்தது, போட்டி முற்றியதும் 2023-இல் ஓப்பன்சீ என்ற சந்தைத் தளமும் பங்கு கொடுப்பது கட்டாயமில்லை என்று கைகழுவிவிட்டது. தொழில்நுட்பமே பார்த்துக்கொள்ளும் என்று எப்படித்தான் நம்பினோமோ! ஐரோப்பிய ஒன்றியம் 2001-லேயே மறுவிற்பனைப் பங்கைச் சட்ட உரிமையாக்கியது, அங்கே வணிகர் மனசு வைக்க வேண்டியதில்லை.