காரணம்: கார்டு பிரச்சினை

"சார், ஒரு ரீசெட் போட்டு விடுங்க. மேடம் வெளிய போக முடியாம நிக்கிறாங்க."

வாக்கி-டாக்கியில் வாசல் செக்யூரிட்டி சொன்னது இவ்வளவுதான். மணி 6.05. கம்பெனி பஸ் 6.10க்குக் கிளம்பிவிடும். கார்டு நம்பரைத் தட்டிப் பார்த்தால், மதியம் 1.20க்கு வெளியே போன பதிவு இருக்கிறது, திரும்பி வந்த பதிவு இல்லை. கணினியின் கணக்கில் அவர் கட்டடத்திலேயே இல்லை. இல்லாதவர் எப்படி வெளியே போவார்? ரீடரில் சிவப்பு விளக்கு. அந்தக் கணக்கை அழித்து அவரை விடுவதுதான் ரீசெட்.

ஆன்டி-பாஸ்பேக் என்ற கதவுக் கட்டுப்பாடு செய்ய வேண்டியதைத்தான் செய்தது. உள்ளே பஞ்ச் ஆன கார்டு, வெளியே பஞ்ச் ஆகும்வரை மறுபடி உள்ளே வராது; வெளியே பஞ்ச் ஆனதும் அப்படியே, உள்ளே பஞ்ச் ஆகாமல் மறுபடி வெளியே போகாது. ஒருவர் உள்ளே போய்விட்டுத் தன் கார்டைப் பின்னால் நிற்பவரிடம் நீட்டுவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் டேட்டா சென்டரில் நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது தலைக்கணக்கு, அதாவது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற பட்டியல். தீ அலாரம் அடித்தால் மேக்னெட் லாக்குக்குப் போகும் கரண்டை ஃபயர் பேனலின் ரிலே நேராகத் துண்டித்துவிடும். கதவு திறக்க மென்பொருளின் தயவு வேண்டாம். எல்லோரும் வெளியே வந்து கூடிய பிறகு, யாரைக் காணோம் என்று பார்க்க நம் கையில் இருப்பது அந்தப் பட்டியல்தான். அதில் பெயர் இல்லாதவரைத் தேடி யாரும் உள்ளே போக மாட்டார்கள்.

"போட்டோவையும் முகத்தையும் பார்த்தீங்களா?"

"பார்த்துட்டேன் சார், அவங்கதான்."

ஆளைச் சரிபார்த்த பின் ரீசெட் கொடுக்கலாம் என்றுதான் விதி இருக்கிறது. கொடுத்தேன். காரணம் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டால் அந்தத் திரை மூடாது. 'கார்டு பிரச்சினை' என்று அடித்தேன். பஸ் கிளம்பிய பிறகுதான் கேமரா பதிவை ஓட்டிப் பார்த்தேன்.

1.52. கேன்டீன் பக்கக் கதவு. ஏசி மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்த ஊழியர் கார்டைக் காட்டிவிட்டு, தோளால் கதவைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார். டூல் பாக்ஸுடன் மெக்கானிக் நுழைகிறார். பின்னாலேயே டிபன் பையோடு அந்தப் பெண். ஒரு பஞ்ச், மூன்று பேர், ஆறேழு விநாடி. கதவு 30 விநாடிக்கு மேல் திறந்திருந்தால்தான் அலாரம் கத்தும், அதனால் அதுவும் வாய் திறக்கவில்லை. சர்வர் ஹால் முன்னால் உள்ள இரட்டைக் கதவு அறையில் இது நடந்திருக்காது. ஒரு கதவு பூட்டிய பிறகே மறு கதவு திறக்கும், உள்ளே ஒருவர் நிற்கத்தான் இடம். கேன்டீன் பக்கம் இருப்பது ஒற்றைக் கதவு. கதவில் இருக்கும் சென்சாருக்குத் திறந்ததும் மூடியதும் தெரியும், எத்தனை பேர் நுழைந்தார்கள் என்பது தெரியாது.

மெக்கானிக் ஏன் சிக்கவில்லை என்றால், விசிட்டர் கார்டுகளுக்கு எங்கள் செட்டிங் வேறு. தப்பைப் பதிவு செய்யும், வழியை மறிக்காது. நாலு மணிக்குக் கேட்டில் கார்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். லாகில் ஒரு வரி விழுந்திருக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை, நானும்தான்.

கதவைப் பிடித்தவரைக் குற்றம் சொல்ல இன்னும் மனம் வரவில்லை. தெரிந்த முகம் இரண்டடி பின்னால் வரும்போது கதவைச் சாத்துவது நம் ஊரில் அவமரியாதை. நடந்ததை எழுதினால் அவருக்கு மெமோ வரும். அதற்கு முன்னால், ஏஜென்சி மூலம் கான்ட்ராக்டில் இருக்கும் கேன்டீன் பக்க செக்யூரிட்டியைத்தான் முதலில் மாற்றுவார்கள். அந்த இரண்டு வார்த்தையால் யாருக்கும் நஷ்டமில்லை என்று அன்றிரவு சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை பராமரிப்பு ஆள் வந்து, அந்த ரீடரைச் சுவரிலிருந்து கழற்றி, வயர் முனைகளைச் சுத்தம் செய்து, ஐந்து கார்டுகளை வைத்துப் பார்த்தார். எல்லாம் படித்தது. அந்தப் பெண்ணுக்குப் புதுக் கார்டும் கொடுத்தாகிவிட்டது. பழுதே இல்லாத ஒன்றை எல்லோரும் அக்கறையாகச் சரிசெய்தார்கள். உண்மையைப் போட்டிருந்தால் கேன்டீன் கதவுக்கு ஃபிளாப் பேரியர், ஒரு பஞ்சுக்கு ஒருவரை மட்டும் விடும் தடுப்பு, கேட்டிருக்கலாம். அதற்குப் பணம் வேண்டும், சரி. துணைக்கு வருபவரின் கார்டும் விசிட்டர் கார்டும் பத்து விநாடிக்குள் அடுத்தடுத்துக் காட்டினால்தான் கதவு திறக்கும் என்று கதவை இயக்கும் கன்ட்ரோலரிலேயே விதி போடலாமே, அதற்குச் செலவே கிடையாது. கேட்பதற்குக் காரணமாகக் காட்ட ஒரு சம்பவம் வேண்டும். இருந்த சம்பவத்தை நான் கார்டு பழுதாக்கிவிட்டேன்.

ஆனாலும், 6.05க்கு அவரை நிறுத்திவைத்து பஸ்ஸைத் தவறவிட வைத்திருக்க வேண்டுமா? வேண்டாம் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. ரீசெட் தப்பில்லை. அந்த இரண்டு வார்த்தைதான். அதுவும் முழுக்கத் தப்பா என்றால், அந்த செக்யூரிட்டி அண்ணன் இன்னும் அதே கதவில்தான் நிற்கிறார்.

அடுத்த வாரம் அந்த அண்ணனே கேட்டார். "சார், இனிமே இப்படி யாராவது மாட்டினா, கார்டு பிரச்சினைன்னே சொல்லிடட்டுமா?"

"முதல்ல எனக்குச் சொல்லுங்க" என்றேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. அவர் தலையாட்டிக்கொண்டு போனார்.