அக்காவின் இடது கால்

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் அக்காவுக்கு இரண்டாம் பிரசவத்துக்குப் பிறகு இடது கால் தொடையிலிருந்து பாதம்வரை வீங்கியது. பிள்ளை பெற்ற உடம்பு, போகப்போக வற்றிவிடும் என்றார்கள், வற்றவில்லை. யானைக்கால் நோயோடு நெடுங்காலம் போராடிய பகுதி எங்களுடையது என்பதால், வீங்கிய காலைக் கண்டதும் அந்தப் பெயரே எல்லார் வாயிலும் முதலில் வருகிறது. மருத்துவர் ஒருவரும் அதற்குரிய மாத்திரைகளையே ஆண்டுக்கணக்கில் கொடுத்துவந்தார் என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. கொலுசின் கொக்கி எட்டாமல் போய், ஊக்கு மாட்டி நீட்டிப் போட்டுக்கொண்டாள். ஒன்பதாம் ஆண்டில் கணுக்காலின் உட்புறத் தோல் கறுத்துத் தடித்து, ஆறாத புண்ணாயிற்று.

புதுச்சேரியில் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் ஒருவர் காலின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனோடு நிறுத்தாமல் இடுப்பையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னபோதுதான் காரணம் தெரிந்தது. இடது காலின் ரத்தத்தை மேலே கொண்டுசெல்லும் பெரிய சிரை, இடுப்புக்குள் வலது காலுக்குப் போகும் தமனிக்கும் முதுகெலும்புக்கும் நடுவே நுழைந்து செல்கிறது. ஓயாமல் துடிக்கும் தமனியின் அடியில் நசுங்கி அதன் உட்சுவர் தழும்பேறுவதை மே, தர்னர் என்னும் இருவர் 1957இல் விவரித்தார்கள். பலருக்கு இதனால் எந்தத் தொல்லையும் வருவதில்லை; ஆனால் ரத்தம் எளிதில் உறையும் கர்ப்பகாலத்தில் அந்த இடத்தில் ரத்தக்கட்டி உண்டாகி, பிறகு நார்போல் இறுகிவிட்டால், கீழே தேங்கும் ரத்தத்தின் அழுத்தமே தோலைப் புண்ணாக்குகிறது.

முன்பு, மறுகாலின் மேற்சிரையை அடிவயிற்றின் குறுக்கே கொண்டுவந்து தைத்து மாற்றுவழி அமைத்தார்கள்; உருகுவேயைச் சேர்ந்த பால்மாவின் பெயரால் வழங்கும் அந்த அறுவை இன்று அரிதாகிவிட்டது. அக்காவுக்குத் தொடைச் சிரை வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, அடைப்பைக் கடந்து, பலூனால் விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். இதயத்துக்கு வைப்பது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலம். இது 16 மில்லிமீட்டர்.

ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் சிரை வால்வுகள் பழுதாகியிருந்தால் அவற்றை ஸ்டென்ட் சரிசெய்யாது; அதற்கு அழுத்தக் காலுறைதான். ரத்தம் மறுபடி உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரையும், அதன் அளவைச் சரிபார்க்க ரத்தப் பரிசோதனையும் தொடர்கின்றன. அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் வைட்டமின் கே நிறைந்தது என்றாலும் முருங்கைக்கீரையை விலக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரு வாரம் குவித்தும் மறுவாரம் மறந்தும் உண்ணக்கூடாது என்று சொன்னார்கள். புண் மூட நான்கு மாதங்கள் ஆயின. சித்திரை வெயிலிலும் அக்கா கட்டிலைவிட்டு இறங்குமுன் அழுத்தக் காலுறையை மாட்டிக்கொள்கிறாள். கொலுசில் இப்போது ஊக்கு இல்லை.