சிக்னல் முழுக்க இருந்தும் இணையம் வராத கணினி

எங்கள் வீட்டு மேசைக் கணினியில் வைஃபை ஒரேயடியாக நின்றுபோயிருந்தால் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்திருக்கும். அது நிற்கவும் இல்லை, ஒழுங்காக ஓடவும் இல்லை. வீடியோ அழைப்பு சிறிது நேரம் நன்றாகப் போகும். பிறகு எதிரில் பேசுபவரின் முகம் வாய் திறந்தபடியே நிற்கும். சற்று நேரம் கணினியை விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் எந்தப் பக்கமும் திறக்காது. இத்தனைக்கும் திரையின் மூலையில் சிக்னல் கோடுகள் முழுதாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். எரிச்சலைக் கிளப்பியது அந்தக் கோடுகள்தான்.

யாரிடம் சொன்னாலும் ஒரே மருந்து: ரவுட்டரை அணைத்துப் போடு. இணைய நிறுவனத்தின் உதவி எண்ணிலும் அதையேதான் சொன்னார்கள். அது தவறான யோசனை அல்ல. ரவுட்டரும் ஒரு சிறு கணினிதான். நாள்கணக்கில் ஓடித் திணறியிருந்தால் அணைத்துப் போட்டதும் தெளிந்துவிடும், நெரிசல் குறைந்த சேனலுக்கும், அதாவது அலைவரிசையில் வேறொரு தடத்துக்கும், தானாக மாறக்கூடும். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாமல் சரியானது திரும்பவும் கெடும். விண்டோஸில் உள்ள ‘நெட்வொர்க் ரீசெட்’ வசதி இன்னும் ஒரு படி மேல். கணினியை வலையமைப்போடு இணைக்கும் அடாப்டர்களை நீக்கி மீண்டும் நிறுவி, சேமித்திருந்த வைஃபை கடவுச்சொற்களையும் மறந்துவிடும். பிரச்சினையோடு அதன் தடயமும் அழியும் என்பதால் அதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். பழுது எந்தத் துண்டில் இருக்கிறது என்று தெரியும்வரை எந்த அமைப்பையும் மாற்றுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

துண்டு என்று நான் சொல்வது இதைத்தான். கணினியிலிருந்து ரவுட்டர்வரை காற்றில் ஒரு துண்டு. ரவுட்டரிலிருந்து நிறுவனத்தின் வழியாக வெளியுலகம்வரை கம்பியில் ஒரு துண்டு. இவை இரண்டும் நன்றாக இருந்தாலும், நாம் தட்டச்சு செய்யும் இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் படுத்துவிட்டால் பக்கம் திறக்காது. பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்: ‘நெட் வரவில்லை’.

முதல் சோதனைக்கு ஒரு கைபேசி போதும். அதைக் கணினிக்குப் பக்கத்திலேயே வைத்து அதே வைஃபையில் இணைத்தேன். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் வைஃபை தடுமாறும்போது கைபேசி சத்தமில்லாமல் அதற்குத் தாவிவிடும், நாமும் வைஃபை நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்போம். கணினியில் வீடியோ நின்ற அதே நேரத்தில் கைபேசியில் தடையில்லாமல் ஓடியது. பிறகு ரவுட்டரிலிருந்து கணினிக்கு நேராக ஒரு லேன் கேபிள் போட்டுப் பார்த்தேன். அறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிடந்த அந்தக் கேபிளில் எல்லோரும் தடுக்கி விழப் பார்த்தார்களே தவிர, இணையம் ஒருமுறைகூடத் தடுக்கவில்லை. நிறுவனத்தின் மீது இருந்த சந்தேகம் அப்போதே பாதிக்கு மேல் விலகிவிட்டது.

மீதிச் சந்தேகத்தைப் ‘பிங்’ தீர்த்தது. வேகச் சோதனைத் தளங்களைவிட இந்தப் பழைய கட்டளையின் மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். வேகச் சோதனை சில விநாடிகளின் நிலவரத்தைச் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். விட்டுவிட்டு வரும் பழுது அதற்குள் அகப்படுவது அதிர்ஷ்டம். பிங், கேட்ட முகவரிக்கு விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு செய்தியை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆனது என்று எழுதிக்கொண்டே போகும். விண்டோஸில் அது நான்கு முறையோடு நின்றுவிடும். கட்டளையின் இறுதியில் ஒரு கழித்தல் குறியும் ‘டி’ (t) என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தும் சேர்த்தால் நாம் நிறுத்தும்வரை ஓடும்.

கட்டளைகளை அடிக்கும் கறுப்புச் சன்னல்கள் இரண்டைத் திறந்தேன். ஒன்றில் ரவுட்டரின் முகவரி. எங்கள் வீட்டில் அது 192.168.1.1. மற்றொன்றில் 8.8.8.8, அதாவது கூகுளின் பொது டிஎன்எஸ் சேவையின் முகவரி. முதல் சன்னல் சீராக இருந்து இரண்டாவது மட்டும் தடுமாறினால் பழுது வெளிக்கம்பியில். இரண்டும் சீராக இருந்தும் பக்கம் திறக்காவிட்டால் டிஎன்எஸ்ஸைப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே தடுமாறினால் வீட்டுக்குள்தான். சில ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருக்கும். எங்களுடையது அப்படி இல்லை. நல்ல நேரத்தில் ரவுட்டரிடமிருந்து 2, 3 மில்லி விநாடிகளில் பதில் வந்தது. கெட்ட நேரத்தில் அதுவே 400, 900 என்று ஏறி, நடுநடுவே ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்றும் காட்டியது. இரண்டாவது சன்னலும் அதே கணத்தில் அதே கதியில் இருந்தது. அடுத்த அறையில் இருக்கும் ரவுட்டரைத் தொட்டுத் திரும்ப ஒரு விநாடி ஆகிறது என்றால் கடலடிக் கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை.

கையோடு, கணினியின் வலையமைப்பு முகவரியைக் காட்டும் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையையும் ஓட்டினேன். அதில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அப்போது பார்க்க வேண்டியது, முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி என்ற ஏற்பாட்டை. இங்கே 192.168 என்ற முறையான முகவரியே இருந்தது. அந்தக் கதவைச் சாத்திவிட்டு நகர்ந்தேன்.

இந்த இடத்தில் விண்டோஸே வைத்திருக்கும் ஓர் அறிக்கை பெரிதும் கைகொடுத்தது. பலருக்கு இது இருப்பதே தெரிவதில்லை. கட்டளைச் சன்னலை நிர்வாகி உரிமையோடு திறந்து ‘நெட்ஷ்’, ‘டபிள்யூலேன்’, ‘ஷோ’, ‘டபிள்யூலேன்ரிப்போர்ட்’ ஆகிய நான்கு சொற்களையும் ஆங்கிலத்தில் (netsh wlan show wlanreport) இடைவெளி விட்டு அடித்தால், கடந்த 3 நாட்களில் வைஃபை எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது, என்ன காரணம் காட்டியது என்பதையெல்லாம் நேரத்தோடு ஒரு வரைபடமாகத் தொகுத்துத் தரும். அதைப் பார்த்த பிறகுதான் ஒன்று புரிந்தது: நான் ஒரே பழுது என்று நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் இரண்டு. யாரும் கணினியைத் தொடாமல் இருந்த நேரங்களில் இணைப்பு முழுவதுமாக அறுந்திருந்தது. ஆனால் வீடியோ அழைப்புகள் திணறிய நேரங்களில் அறுந்ததாகப் பதிவே இல்லை. இணைப்பு இருந்திருக்கிறது, உள்ளே எதுவும் நகரவில்லை.

முதலாவது எளிதில் தீர்ந்தது. இந்தக் கணினியில் வைஃபை உள்ளுக்குள் கிடையாது. பின்பக்க யூஎஸ்பி துளையில் செருகிய ஒரு குட்டி அடாப்டர் அந்த வேலையைச் செய்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த, ஓய்வாக இருக்கும் சாதனங்களை விண்டோஸ் உறங்க வைக்கும். சில அடாப்டர்கள் அந்த உறக்கத்திலிருந்து சரியாக எழுவதில்லை. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பண்புகளைத் திறந்தால் ‘பவர் மேனேஜ்மென்ட்’ என்ற பகுதி இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தைக் கணினி அணைக்கலாம் என்ற அனுமதியை அங்கே நீக்கினேன். பவர் ஆப்ஷன்ஸில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதையும் முடக்கினேன். மடிக்கணினியாக இருந்தால் பேட்டரியை நினைத்துச் சற்று யோசிப்பேன். எப்போதும் மின்சாரத்தில் செருகியே இருக்கும் மேசைக் கணினிக்கு அந்தக் கவலை இல்லை. அதன் பிறகு அறிக்கையில் அந்த வகை அறுதல்கள் வரவில்லை. அடாப்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரையும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிப் புதுப்பித்தேன். அதனால் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

இரண்டாவதுதான் பிடி கொடுக்காமல் இருந்தது. சிக்னலை எண்ணாகப் பார்க்க ‘நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்’ என்ற கட்டளை உண்டு. 80 சதவீதம் என்றது. சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற அலகில் அளப்பார்கள். விண்டோஸின் கணக்கில் மைனஸ் 50 டிபிஎம் அல்லது அதற்கு மேல் இருந்தால் 100 சதவீதம், மைனஸ் 100 என்றால் சுழியம். ஆக 80 என்பது சுமார் மைனஸ் 60. தாராளமாகப் போதும். ஆனால் அதே பட்டியலில் ‘ரிசீவ் ரேட்’ என்ற வரி வேறு கதை சொன்னது. ஒற்றை ஆன்டெனா கொண்ட அந்த அடாப்டர் நல்ல நேரத்தில் 72 மெகாபிட் காட்டும். கெட்ட நேரத்தில் 6.5க்கு இறங்கியிருந்தது. சிக்னல் அப்படியே இருக்க வேகம் மட்டும் சரிகிறது என்றால் ஒலிக்கும் குரலில் குறையில்லை, சுற்றிலும் கூச்சல் அதிகம் என்று பொருள். கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாததைப் போன்ற நிலை இது. கோடுகள் காட்டுவது குரலின் பலத்தை மட்டும். மேளத்தைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை.

கூச்சல் என்றதும் முதலில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் மேல்தான் கண் போனது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனல்களுக்கு இடையே வெறும் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. ஒவ்வொரு ரவுட்டரும் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு இடம் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒன்றன்மேல் ஒன்று படியாத சேனல்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. கைபேசியில் ஒரு வைஃபை அனலைசர் செயலியைப் போட்டுப் பார்த்தபோது 6ஆம் சேனலில் கூட்டம் நெரிந்தது. எங்களுடையதும் அங்கேதான் இருந்தது. ரவுட்டர் பக்கத்தில் நுழைந்து 11க்கு மாற்றினேன். 3 அல்லது 9 போன்ற இடைச் சேனல்களைப் புத்திசாலித்தனமாகத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள். மாற்றத்தால் சற்று முன்னேற்றம் இருந்தது, நோய் தீரவில்லை. அக்கம்பக்கத்து ரவுட்டர்தான் காரணம் என்றால் அருகிலேயே இருந்த கைபேசியும் திணறியிருக்க வேண்டுமே என்ற கேள்வியும் உறுத்திக்கொண்டிருந்தது. கூச்சல் அந்த அடாப்டருக்கு மட்டும் கேட்கிறது. அப்படியானால் அது கணினியை ஒட்டியே எங்கோ இருக்க வேண்டும்.

பிங் ஓடிக்கொண்டிருந்த சன்னலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கணினியில் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். அச்சிட்டேன், பாட்டு கேட்டேன், பெரிய படக் கோப்புகளைத் திறந்தேன். எண்கள் அசையவில்லை. காப்புப் பிரதிக்காக வைத்திருந்த வெளி வன்தட்டுக்கு ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கத் தொடங்கினேன். 3 ஆக இருந்த எண் 300ஐத் தாண்டியது. நகலெடுப்பதை நிறுத்தினேன், இறங்கியது. வன்தட்டைக் கழற்றிவிட்டு அதே கோப்பைக் கணினிக்குள்ளேயே நகலெடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. காப்புப் பிரதி தானாக ஓடும் நேரங்களை வீடியோ அழைப்புகள் திணறிய நேரங்களோடு ஒப்பிட்டால் அச்சுப் பிசகாமல் பொருந்தின.

கணினியின் பின்பக்கத்தில் இரண்டும் அடுத்தடுத்த நீல நிறத் துளைகளில் செருகியிருந்தன. யூஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் மின் துடிப்புகள் மாறும்போது கேபிளிலிருந்தும் செருகியிலிருந்தும் கசியும் வானொலி இரைச்சல் 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியிலும் பரவிக் கிடக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சேனல்கள் அத்தனையும் அதற்குள்தான் இருக்கின்றன. இன்டெல் நிறுவனம் இதைப் பற்றி 2012லேயே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. இரைச்சல் குறிப்பிட்ட ஒரு புள்ளியில் நிற்காமல் பரந்து விரிவதால் சேனல் மாற்றி அதிலிருந்து தப்ப முடியாது. நான் 11க்குப் போயும் பெரிதாகப் பலன் கிடைக்காததற்கு இதுவே காரணம். வன்தட்டு சும்மா இருக்கும்போது தொல்லை குறைவு, தரவு ஓடும்போது அதிகம் என்பதால்தான் பழுது வந்துவந்து போனது.

தீர்வு அந்த விளக்கத்தைவிடச் சிறியது. ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு கேபிளை வாங்கி, அடாப்டரை அதன் நுனியில் செருகி, கணினிப் பெட்டியின் பின்னாலிருந்து விடுவித்து மேசைமேல் கொண்டுவந்து வைத்தேன். மறுமுனையை முன்பக்கத்தில் இருந்த யூஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றினேன். 72 மெகாபிட் அடாப்டருக்கு அந்தத் துளையின் வேகமே தேவைக்கு மேல். வன்தட்டு பின்பக்கத்திலேயே இருந்தது. நகலெடுக்கும்போதும் பிங் 4, 5க்கு மேல் ஏறவில்லை. இரும்புப் பெட்டியின் மறைவிலிருந்து வெளியே வந்ததால் சிக்னலும் 80லிருந்து 90ஐ ஒட்டி உயர்ந்தது.

வன்தட்டின் கேபிளை நல்ல கவசம் உள்ளதாக மாற்றினால் இரைச்சல் இன்னும் குறையும். தேவைப்படாததால் நான் மாற்றவில்லை. 5 கிகாஹெர்ட்ஸிலும் இயங்கும் அடாப்டரை வாங்கியிருந்தாலும் இந்தச் சிக்கல் விலகியிருக்கும். அந்த அலைவரிசை சுவர்களைத் தாண்டும்போது விரைவாக வலுவிழப்பதால், இரண்டு சுவர் தள்ளி இருக்கும் இந்தக் கணினிக்கு அது எந்த அளவுக்கு எட்டும் என்பதை இரவல் வாங்கியாவது சோதித்துவிட்டுத்தான் வாங்குவேன்.

கம்பியில்லாச் சுட்டியும் நெடுநாளாக அவ்வப்போது திக்கித் திக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், அதன் ரிசீவர் செருகியிருந்ததும் வன்தட்டுக்கு மேல் துளையில்தான். அதையும் முன்பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். இப்போது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.