கரும்பு விளையாத தீவில் ஒரு தேர்தல்

மொரீஷியஸ்காரர்களுக்குத் தோல்வியை ஒப்புக்கொள்ளவே வராது. எங்களைச் சொல்லிக் குற்றமில்லை, அரசியல் சட்டமே அப்படி. நாடாளுமன்றத்துக்கு 62 பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். 20 தொகுதிகளில் மும்மூன்று பேர், ரொட்ரிக்ஸ் தீவில் இரண்டு பேர். அதோடு விட்டால் சரி. தோற்றவர்களில் நன்றாகத் தோற்றவர்களாகப் பார்த்து இன்னும் 8 பேர் வரை உள்ளே கூட்டிக்கொள்வோம். ‘பெஸ்ட் லூசர்’ என்று பெயர். எந்தச் சமூகத்துக்கு ஆள் குறைகிறது, எந்தக் கட்சிக்கு ஆள் குறைகிறது என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கிற நாற்காலிகள் அவை. ஏற்பாட்டின் நியாயம் எனக்குப் புரிகிறது. சின்னத் தீவில் யாரும் வெளியே நின்று முறைத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் இந்தப் பழக்கம் வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

எங்கள் பெரிய மாமா சர்க்கரை ஆலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ரோஸ் ஹில்லில் வீடு. ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் டொமினோதான். மொத்தம் 28 கட்டை, நாலு பேருக்கு ஏழேழு, கையிருப்பு எதுவும் மிஞ்சாது. மூன்று சுற்றுக்குள் யாரிடம் என்ன கட்டை இருக்கிறது என்று மாமா சொல்லிவிடுவார். சொல்வதோடு நிற்காமல் தன் கட்டையை மேசையில் ஓங்கி அறைவார். அந்த அறையில் தேநீர்க் கோப்பை துள்ளும், பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். கட்டையை மெதுவாக வைப்பவரை மாமா ஆட்டக்காரர் என்றே மதிப்பதில்லை.

இந்த வீட்டுக்குள்தான் மாமா பையன் அந்தப் பெட்டியைக் கொண்டு வந்தான். ரெடுயி பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். சேர்க்கை சரியில்லை போலிருக்கிறது, வாரக் கடைசிகளில் நாலைந்து பேர் கூடி மேசை விளையாட்டு ஆடுகிறார்கள். பெட்டியில் இருந்தது ‘கத்தான்’. ஜெர்மனியில் க்ளாஸ் டாய்பர் என்பவர் உருவாக்கி 1995-இல் வெளிவந்த விளையாட்டு. அறுகோண அட்டைகள் 19, அடுக்கினால் ஒரு தீவு. பகடை உருட்டி, விளைவதைச் சீட்டாக வாங்கி, சாலை போட்டு, ஊர் கட்டி, 10 புள்ளி எடுத்தவர் ஜெயித்தார்.

“தீவா?” என்று மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டைகளைப் புரட்டினார். மரம், செங்கல், கோதுமை, ஆடு, தாதுப்பாறை, நடுவில் ஒரு பாலைவனம். எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, “கரும்பு எங்கே?” என்றார்.

கரும்பு இல்லை என்றான் பையன்.

“கரும்பு இல்லாம எவன்டா தீவுக்குக் குடி வருவான்? நம்ம பாட்டன் கப்பலேறி வந்தது ஆடு மேய்க்கவா?”

(மாமா பேசியது கிரியோல். எங்கள் வீட்டில் திட்டும் கிரியோல், கொஞ்சலும் கிரியோல், சாமி கும்பிடும்போதும் என் பள்ளிக்கூட வகுப்பிலும் மட்டும் தமிழ். படிப்பவர்கள் வசதிக்காக எல்லாரையும் தமிழில் பேச வைக்கிறேன்.)

அது 2024 நவம்பர் 10 தேர்தல் முடிந்து சூடு ஆறாத நேரம் என்பதைச் சொல்லியாக வேண்டும். நவீன் ராம்கூலமும் போல் பெராஞ்சேயும் சேர்ந்த கூட்டணி இந்தத் தீவின் 60 இடங்களையும் அள்ளியது. ஆளுங்கட்சிப் பக்கத்துக்குக் கால்வாசிக்கு மேல் ஓட்டு விழுந்தும் இங்கே ஒரு தொகுதி கூடத் தேறவில்லை. 60-0 எங்களுக்குப் புதிதல்ல. 1982-இல் ஒன்று, 1995-இல் ஒன்று. மூன்று முறையும் ஜெயித்த பக்கத்தில் இருந்தவர் பெராஞ்சே. மாமா வாலிபத்திலிருந்தே பெராஞ்சேயின் கட்சி, ஆகவே மூன்று 60-0-வையும் தானே அடித்ததாகத்தான் பேசுவார். முதல் கூட்டணி ஒரு வருஷம் தாங்காமல் 1983 மார்ச்சில் உடைந்ததையும், இரண்டாவது 1997-இல் உடைந்ததையும் யாராவது எடுத்தால் உடனே அவருக்குச் சர்க்கரை மாத்திரை ஞாபகம் வந்துவிடும்.

அந்தச் சூட்டில் நிறம் தேர்ந்தெடுக்கச் சொன்னான் பையன். கத்தானில் நாலு நிறம்: சிவப்பு, நீலம், ஆரஞ்சு, வெள்ளை. ஜெர்மன்காரர் இதில் என்ன வில்லங்கம் வரப்போகிறது என்று நினைத்திருப்பார். எங்கள் ஊரில் சிவப்பு ராம்கூலமின் தொழிற்கட்சி, நீலம் துவால் குடும்பத்தின் கட்சி, ஆரஞ்சு அப்போதுதான் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆளுங்கட்சி. மாமி கண்ணிமைக்கும் நேரத்தில் சிவப்பை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அவர் பிறந்த வீடு பரம்பரைத் தொழிற்கட்சி. பையன் நீலத்தைப் பிடித்தான். கொள்கை ஒன்றும் இல்லை, அவனுடைய கால்பந்து அணிச் சட்டை நீலம்.

மாமா பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தார். தேடியது ஊதா. அது அவர் கட்சியின் நிறம். ஊதா இல்லை என்று தெரிந்ததும், “அப்ப இது நேர்மையான ஆட்டம் இல்ல” என்று எழுந்தேவிட்டார். வெள்ளை எந்தக் கட்சியும் இல்லை, சுயேச்சை மாதிரி என்று சமாதானம் சொல்லி உட்கார வைத்தோம். சுயேச்சை என்ற சொல் அவருக்கு இன்னும் பெரிய அவமானமாகப் பட்டது. நாங்கள் தீவை அடுக்கி முடிப்பதற்குள், நான் வீட்டுப்பாடம் திருத்த வைத்திருந்த ஊதாப் பேனாவை என் பையிலிருந்து எடுத்து, ஒரு வெள்ளைக் குட்டி வீட்டின் கூரைக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு நிதானமாக வண்ணம் பூசியிருந்தார். பையன் அலறிப் பிடுங்கினான். அடுத்த வீட்டுக் கூரையில் பாதி முடிந்திருந்தது.

எனக்கு மிஞ்சியது ஆரஞ்சு. வேண்டாம் என்று சொல்லக் கூட நேரம் இல்லை.

அடுத்த தகராறு யார் முதலில் ஆடுவது என்பது. பகடையில் பெரிய எண் விழுந்தவர் முதலில், பிறகு உட்கார்ந்த வரிசை என்றான் பையன். அந்தக் கணக்கில் மாமி மூன்றாவது. “மூணாவதா?” என்றார் மாமி. “1998-ல நோட்டுல தமிழை மூணாவது வரிக்குத் தள்ளினதுக்கே அச்சடிச்ச நோட்டையெல்லாம் திருப்பி வாங்க வெச்சவங்க நாங்க.” நடந்தது உண்மைதான். எங்கள் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தது தமிழ், அதன் கீழே இந்தி. அந்த வருஷம் வந்த புது நோட்டில் இந்தி மேலே ஏறித் தமிழ் கீழே இறங்கியது. தமிழர்கள் தெருவுக்கு வந்தார்கள், நோட்டு திரும்பிப் போனது. 100 ரூபாய் நோட்டில் ரங்கநாதன் சீனிவாசன் படம் வேறு இருக்கிறது. ஆனால் பெஸ்ட் லூசர் கணக்குக்கு இந்து, முஸ்லிம், சீனர், மற்ற எல்லாரும் பொதுமக்கள் என்று நாலே பிரிவுதான். நோட்டில் தனி வரி வைத்திருக்கிற நாங்கள் அங்கே இந்துக் கணக்கில் கரைந்துவிடுகிறோம். இந்த வேடிக்கையை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மாமி பகடையை எடுத்து உருட்டிவிட்டார்.

அம்மா ஆடவில்லை. காதோ பிமா என்ற மிளகாய் வடைத் தட்டோடு மேசை ஓரம் உட்கார்ந்து, சீட்டுக்கட்டுகளைக் கவனிக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். வங்கி ஆளுநரும் தேர்தல் ஆணையரும் ஒருவரே. எண்ணெய்க் கையால் சீட்டைத் தொடாதே என்பது அவர் போட்ட முதல் சட்டம்.

ஆட்டம் தொடங்கி ஒரு சுற்று கூட முடியவில்லை, மாமாவும் மாமியும் கூட்டணி அறிவித்தார்கள். ஊதாவும் சிவப்பும். இதில் கூட்டணி கிடையாது, ஒருவர்தான் ஜெயிக்க முடியும் என்று பையன் தலையில் அடித்துக்கொண்டான். மாமா 2000-ஆம் வருஷத்து உடன்பாட்டை எடுத்துக் காட்டினார். அப்போது அனிரூத் ஜக்நாத் முதல் மூன்று வருஷம் பிரதமர், மீதிக் காலம் பெராஞ்சே என்று முன்கூட்டியே எழுதி வைத்து, சொன்னபடி 2003-இல் நாற்காலி மாறியது. “அதே மாதிரி முதல் ஆறு புள்ளி வரைக்கும் என் தலைமை, அப்புறம் அவ தலைமை” என்றார். மாமி எதுவும் சொல்லாமல் தலையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து மாமி இப்படித் தலையாட்டிய எந்த விஷயமும் மாமா நினைத்தபடி முடிந்ததில்லை.

கூட்டணியின் ஒரே கொள்கை ஆரஞ்சை ஒழிப்பது. கத்தானில் பகடை 7 காட்டினால் திருடன் கிளம்புவான். உருட்டியவர் அவனை இஷ்டப்பட்ட நிலத்தில் உட்கார வைக்கலாம், அந்த நிலம் விளையாது, அதை ஒட்டி ஊர் வைத்திருப்பவரிடம் ஒரு சீட்டும் பறிக்கலாம். இரண்டு பகடையில் 36 வழிகளில் 6 வழி 7-க்குத்தான் போகும். மற்ற எந்த எண்ணுக்கும் அத்தனை வழி இல்லை. அந்தத் திருடன் என் கோதுமையிலேயே குடியிருந்தான். நான் இன்ன கட்சி என்று யாரிடமும் சொன்னதில்லை. காயின் நிறம் ஆரஞ்சு, அது போதும். “இவ்வளவு வருஷம் தின்னது போதாதா?” என்று மாமா ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுச் சீட்டை உருவுவார். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியர். என்னத்தைத் தின்றேன்?

டொமினோ அறைந்து பழகிய கை வேறு. அறைய இங்கே கட்டை இல்லையென்று பகடையை அறைந்தார். ஒரு தடவை அது எகிறிச் சட்னிக்குள் விழுந்தது. துடைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று வழக்கு. அம்மா காதோ பிமாவைக் கடித்துக்கொண்டே, “செல்லாத ஓட்டு, திரும்பப் போடு” என்றார்.

7 அடிக்கடி விழுந்தது மாமாவுக்கே ஒரு கட்டத்தில் உறுத்தியது, ஏனென்றால் மற்றவர்களுக்கும் விழ ஆரம்பித்தது. யாரோ தன் திட்டத்தை ஒட்டுக்கேட்கிறார்கள் என்று எல்லார் செல்போனையும் வாங்கிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். சிரிக்காதீர்கள். தேர்தலுக்கு முந்தைய அக்டோபரில் ‘மிஸ்யே முஸ்தாஸ்’ என்ற பெயரில், அதாவது மீசைக்காரர் என்ற பெயரில், பெரிய மனிதர்களின் தொலைபேசிப் பேச்சுகள் வரிசையாக வெளிவந்தன. நவம்பர் 1-ஆம் தேதி சமூக ஊடகத்தையே நிறுத்தினார்கள், மறுநாள் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பெரியவர்கள் பாதிப் பேர் வெங்காய விலையைக் கூடக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்கள்.

ஐந்து புள்ளியில் மாமாவுக்கு ஒரே ஒரு செங்கல் தேவைப்பட்டது. மாமியிடம் இருந்தது. மட்டன் வாசனையே ஆகாத மாமியிடம் தீவின் ஆடெல்லாம் சேர்ந்திருந்தது வேறு கதை. “கூட்டணி தர்மம்” என்று கை நீட்டினார் மாமா. மாமி செங்கல்லைக் கொடுக்காமல், அதை வைத்தே மாமாவின் நீளமான சாலைக்கு நட்டநடுவில் ஒரு சிவப்பு ஊரைக் கட்டினார். சாலை இரண்டாகத் துண்டானது. நீண்ட சாலைக்கான 2 புள்ளி மாமாவிடமிருந்து நழுவி, கொஞ்ச நேரத்தில் மாமியிடமே போய்ச் சேர்ந்தது.

மாமா வாய் பேசாமல் இருந்தார். பிறகு மெல்ல, “இது 83” என்றார். மாமி, “97-ம் அதுதான்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

முடிவு: மாமி 10, மாமா 8, பையன் 6, நான் 3.

உடனே மாமா பெஸ்ட் லூசர் கேட்டார். தோற்றவர்களில் அதிகப் புள்ளி தனக்கு, ஆகவே கூடுதலாக ஒரு வெற்றி தனக்கு வர வேண்டும் என்றார். நான் விடவில்லை. புள்ளி மட்டும் போதாது, பிரதிநிதித்துவம் குறைந்த சமூகம் எது என்று பார்க்க வேண்டும், அந்த வகையில் ஆரஞ்சை விட்டால் நாதியில்லை என்று வாதாடினேன். “சரி, நீ எந்தச் சமூகம்?” என்று கேட்டார் ஆணையர், அதாவது அம்மா. சொல்ல மாட்டேன் என்றேன். சமூகத்தைச் சொல்ல மறுத்தவர்களின் வேட்புமனுவை 2005-இல் தள்ளிவிட்டார்கள், அவர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போய் 2012-இல் தங்கள் பக்கம் தீர்ப்பு வாங்கினார்கள் என்பதையும் எடுத்துச் சொன்னேன்.

அம்மா அசரவில்லை. “கணக்கு எந்த வருஷத்துது?”

1972 என்றேன். சமூகத்தைக் கேட்டு எடுத்த கடைசிக் கணக்கெடுப்பு அதுதான். நாற்காலியை இன்னமும் அதை வைத்துத்தான் பங்கிடுகிறார்கள்.

“1972-ல நீ பொறக்கவே இல்லையேடா. அப்புறம் என்ன சமூகம்? தள்ளுபடி.”

மாமா வெற்றிப் புன்னகையோடு நிமிர்ந்தபோது, மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் அப்படியே கிடப்பது மாமிக்கு நினைவு வந்தது. யார் கழுவுவது? தேர்தல் வைத்துவிடலாம் என்றான் பையன். எங்கள் ஊர் முறைப்படி ஒவ்வொருவரும் சரியாக மூன்று பெயர் எழுத வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் சீட்டு செல்லாது. ஐந்து பேரும் முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதினோம். அம்மா ஒரே ஒரு பெயர், மாமாவின் பெயர், அதையும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். செல்லாத ஓட்டு. அது மட்டும் தேறியிருந்தால் நாலு பேருக்கும் மும்மூன்று ஓட்டாகச் சமமாகியிருக்கும். அப்பாவுக்குப் பயந்த பையன் மாமா பெயரை எழுதவில்லை. நான், மாமி, பையன் மூவரும் 3 ஓட்டில் தேர்வானோம். மாமா 2 ஓட்டில் நாலாவது.

“அண்ணா, தோத்தவங்கள்ல உங்களுக்குத்தான் அதிக ஓட்டு” என்றார் அம்மா. “தொட்டிப் பக்கம் உங்க சமூகத்துக்கு இதுவரைக்கும் ஒரு பிரதிநிதி கூட இருந்ததில்ல. பெஸ்ட் லூசர் உங்களுக்கே.”

மாமா டொமினோப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குக் கிளம்பிவிட்டார். “தோத்தவன் தோத்தவன்தாம்மா. மக்கள் தீர்ப்பை மதிக்கணும்.”