அந்த நெல் சிவகளையில் கிடைத்தது

திருநெல்வேலியில் இளங்கலை வரலாறு நடத்துகிறேன். மூன்றாம் ஆண்டில் ப்ராஜெக்ட் எழுதவேண்டும். பழங்கால ஈமத்தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஆதிச்சநல்லூரைத் தலைப்பாக எடுக்க வருடந்தோறும் யாராவது இருப்பார்கள். அந்தக் கட்டுரைகளில் ஒரு வரி மட்டும் மாறாமல் வரும்: ‘ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் 3,200 ஆண்டுகள் பழமையானது.’

அந்த நெல் கிடைத்தது சிவகளையில். இரண்டு ஊரும் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கின்றன, இரண்டும் பொருநை என்கிற தாமிரபரணி வட்டாரம்தான், ஆனாலும் வேறு வேறு இடங்கள். சிவகளைத் தாழியில் இருந்த நெல்லை அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் கி.மு. 1155 என்று வந்தது. 2021 செப்டம்பரில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அதை அறிவித்தார். ஆதிச்சநல்லூர் மாதிரிகளுக்கு வந்த காலம் வேறு: கி.மு. 905, கி.மு. 696. இது 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கில் வெளியே வந்தது.

யாரோ ஒருவர் இரண்டையும் கலந்து எழுதிவிட்டார். அடுத்தவர் அதை அப்படியே எடுத்தார், அவரிடமிருந்து இன்னொருவர். எங்கிருந்து எடுத்தோம் என்று ஒருவரும் குறிக்கவில்லை. அதனால் பிழை எந்த இடத்தில் நுழைந்தது என்று பின்னால் போய்ப் பார்க்க வழியே இல்லை. காப்பி அடிப்பது பற்றி வகுப்பில் பேசும்போது நான் இந்த நெல்லை வைத்துத்தான் ஆரம்பிப்பேன். திருட்டு, தண்டனை என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், அதோடு சரி. இந்த நெல் கதையைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

‘எத்தனை பர்சென்ட் வரைக்கும் இருக்கலாம் மேடம்?’ என்று உடனே ஒரு கை உயரும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் அந்தக் கணக்கு இருப்பது உண்மைதான். ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 60க்கு மேல் போனால் பதிவே ரத்தாகும். ஆனால் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கும் மாணவர் எழுதக் கற்றுக்கொள்வதில்லை, காப்பியைக் கண்டுபிடிக்கும் மென்பொருளின் கண்ணில் படாமல் இருக்கத்தான் கற்றுக்கொள்கிறார். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் பெயர்த்துத் தன் பெயரில் போட்டால் பெரும்பாலும் அது சிக்காது. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த புத்தகத்தைப் பார்த்து எழுதினாலும் அப்படித்தான், ஏனென்றால் கணினிக்கு அது தமிழாகவே தெரியாது.

பிள்ளைகளைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வருவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை நோட்ஸில் இருப்பதை வரி பிசகாமல் எழுதியவருக்குத்தான் முழு மதிப்பெண். சொந்தமாக எழுதினால் அரை மதிப்பெண் குறையும் என்று பயந்தே வளர்ந்திருக்கிறார்கள். கல்லூரிக்கு வந்ததும் அதே பழக்கத்துக்குக் குற்றம் என்று பெயர் வைக்கிறோம். இடையில் யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தராத ஒன்றுக்குத் தண்டிப்பது நியாயமே இல்லை.

அதனால் குறிப்பெடுப்பதிலிருந்தே பழக்குகிறேன். நோட்டில் பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் புத்தகத்தில் உள்ள வரி, மேற்கோள் குறிக்குள், பக்க எண்ணோடு. அப்புறம் புத்தகத்தை மூடவேண்டும். மூடிய பிறகு நினைவில் நிற்பதை வலப்பக்கம் எழுதவேண்டும். மூடுவதுதான் முக்கியம். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் என்ன ஆகும் என்பதைக் கரும்பலகையில் காட்டுவேன்.

‘1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்து, கிடைத்த பொருள்களைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார்’ என்று ஒரு வாக்கியம் எழுதுவேன். திறந்து வைத்து எழுதியவர், ‘பெர்லினைச் சேர்ந்த யாகோர் 1876ஆம் ஆண்டு ஆதிச்சநல்லூரில் தோண்டி, அங்கு கிடைத்தவற்றைத் தன் தேசத்துக்கு எடுத்துச் சென்றார்’ என்பார். சொற்கள் மாறின, வாக்கியம் அதேதான். மூடிவிட்டு எழுதிய ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: ‘அலெக்சாண்டர் ரீ 1899இல் வேலையைத் தொடங்கும் முன்பே ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் பெர்லினுக்குப் போய்விட்டன. 1876இல் அவற்றை எடுத்துப்போனவர் யாகோர்.’ ரீ, யாகோருக்குப் பின் அங்கே அகழ்ந்த பிரிட்டிஷ் தொல்லியலாளர். இரண்டு செய்திகளை அவளே சேர்த்து யோசித்திருக்கிறாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனாலும் அடிக்குறிப்பு வேண்டும் என்றேன். நடை அவளுடையது, செய்தி வேறொருவர் தேடித் தந்தது. தாமிரபரணி பொதிகை மலையில் பிறக்கிறது என்பதற்கு ஆதாரம் தேவையில்லை, அது எல்லோருக்கும் தெரியும். யாகோர் வந்த ஆண்டு அப்படியில்லை.

துணைநூற்பட்டியல்தான் என்னை மிகவும் வருத்துவது. ரீ எழுதிய ஆங்கில அறிக்கையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு தமிழ்ப் புத்தகத்தில் அதைப் பற்றிப் படித்திருந்தால், அந்தத் தமிழ்ப் புத்தகத்தைக் காட்டி, ரீயின் கருத்து அதில் எடுத்தாளப்பட்டிருக்கிறது என்று எழுதினால் போதும். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. இப்போது சாட்ஜிபிடி வேறு வந்துவிட்டது. கேட்டால் ஆசிரியர் பெயர், பதிப்பகம், பக்க எண் எல்லாம் தருகிறது. தேடிப் போனால் சில சமயம் அப்படி ஒரு புத்தகமே இருப்பதில்லை. கையில் எடுத்துப் பார்க்காத எதுவும் பட்டியலில் வரக்கூடாது என்பது என் வகுப்பின் கண்டிப்பான விதி.

புத்தகத்துக்கு மட்டும் நன்றி சொன்னால் போதாது என்பதையும் வற்புறுத்துகிறேன். ஆதிச்சநல்லூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி, பரம்பில், அதாவது தாழிகள் புதைந்த மேட்டில், ஆடு மேய்க்கப் போனால் காலடியில் தாழியின் வாய் தெரியும் என்று எழுதியிருந்தாள். எங்கே படித்தாய் என்று கேட்டேன். ‘படிக்கல மேடம், ஆச்சி சொன்னது.’ அப்படியானால் ஆச்சியிடம் சம்மதம் கேட்டு, பெயர், வயது, ஊர், பேசிய தேதி எல்லாவற்றையும் அடிக்குறிப்பில் போடு என்றேன். ‘எங்க ஆச்சிதானே, அதுக்கு எதுக்கு மேடம்?’ என்றாள். ரீயின் பெயருக்குக் கிடைக்கும் இடம், ஆட்டோடு அந்த மேட்டில் நடந்தவருக்கும் கிடைக்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதற்காக அவர் சொன்னதை ‘கூறப்படுகிறது’ என்று ஆளில்லாமல் எழுதுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. வாட்ஸ்அப்பில் வந்த புகைப்படத்துக்கும் இதே கேள்விதான்: எடுத்தது யார்? தெரியவில்லை என்றால் அந்தப் படம் வேண்டாம், பஸ் ஏறிப் போய் நீயே எடுத்து வா.

பைண்டிங் போடும் முன்பு ப்ராஜெக்ட்டை என்னிடம் கொண்டுவரவேண்டும். புரட்டி, ஏதாவது மூன்று அடிக்குறிப்புகளைத் தொட்டுக் காட்டுவேன். புத்தகமானால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டவேண்டும், பேச்சானால் செல்போனில் பதிவைப் போட்டுக் காட்டவேண்டும். மூன்றும் இருந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால், நூலகம் மாலை வரை திறந்திருக்கும், தேடி எடுத்துக்கொண்டு அடுத்த நாள் வரலாம்.